போர்ச்சுகல் போவோமா? ஒரு பயணத் திட்டம்

"ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு" என்பது நம் பாட்டிமார் ஓயாமல் சொல்லும் பழமொழி. வெளிநாட்டுப் பயணத்திற்கு இதைவிடப் பொருத்தமான அறிவுரை வேறில்லை. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் பத்தே நாட்களில் செலவாகிவிடும். திரும்பி வந்தவர்களிடம் "என்ன பார்த்தீர்கள்?" என்று கேட்டால், "பெரிய பெரிய கோயில்கள், அரண்மனைகள் பார்த்தோம்; பெயர்தான் நினைவில் இல்லை" என்பார்கள். குறை அவர்கள் கண்ணில் இல்லை; புறப்படுவதற்கு முன் உட்கார்ந்து யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

திட்டம் என்றால் விமான நேரமும் விடுதி முகவரியும் என்று பலர் எண்ணுகின்றனர். அவை தேவைதான். ஆனால் அவற்றுக்கு முன்னே வர வேண்டியது ஒரு கேள்வி. எதை அறிந்துகொள்ள அந்த நாட்டுக்குப் போகிறோம்? இந்தக் கேள்வி தெளிவானால் எந்த மாதம், எந்த ஊர், எத்தனை நாள் என்பவை தாமாகவே வரிசைப்படும். மாணவியரே, உங்களில் பலர் நாளை படிப்புக்காகவோ வேலைக்காகவோ சொந்தக் காலில் நின்று பயணம் செய்யப் போகிறவர்கள். எனவே ஓர் எடுத்துக்காட்டாகப் போர்ச்சுகல் நாட்டை எடுத்துக்கொண்டு, பயணத் திட்டம் ஒன்றை இங்கே படிப்படியாக வகுத்துப் பார்ப்போம்.

ஏன் போர்ச்சுகல்?

ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயினுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே நீளவாக்கில் அமைந்த நாடு போர்ச்சுகல். பரப்பு சுமார் 92,000 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டைவிடச் சிறியது. மக்கள் தொகை ஒரு கோடிக்குச் சற்று மேல். சிறிய நாடாகையால் பத்து நாட்களில் ஓரளவு நிதானமாகப் பார்க்க முடியும்.

திராட்சை இரசத்திற்கு, அதாவது ஒயினுக்குப் பேர்போன நாடு அது. அங்கேயே பிறந்த திராட்சை வகைகள் மட்டும் 250-க்கு மேல் உண்டு. புட்டியை அடைக்கும் தக்கையிலும் அதுவே உலகில் முதலிடம். உலகத் தக்கை உற்பத்தியில் ஏறத்தாழப் பாதி அங்கிருந்தே வருகிறது. தக்கை என்பது ஒரு வகை ஓக் மரத்தின் பட்டை. மரம் ஏறக்குறைய 25 வயதடைந்த பின்னரே முதன்முறை பட்டையை உரிப்பார்கள்; பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒரு முறைதான். உரித்த ஆண்டின் கடைசி எண்ணை மரத்தின் மீதே வண்ணத்தால் எழுதிவைப்பார்கள். பொறுமைக்கு இதைவிட நல்ல பாடம் உண்டா?

நமக்கும் அந்நாட்டுக்கும் பழைய உறவு ஒன்றும் இருக்கிறது. நம் வீட்டிலுள்ள மேசை, அலமாரி, சாவி, சன்னல் ஆகிய சொற்கள் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. 'பீப்பாய்' என்ற சொல்லும் அப்படியே. ஒயின் வைக்கும் பெரிய மரக்கலத்தை அவர்கள் 'பிப்பா' என்கின்றனர். கலம் கப்பலில் வந்தது. சொல் கரையில் தங்கிவிட்டது!

ஆகவே நம் பயணத்திற்கு இரண்டு கேள்விகளை வைத்துக்கொள்வோம். ஒன்று: ஒரு புட்டி ஒயினுக்குப் பின்னே யாருடைய உழைப்பு இருக்கிறது? இரண்டு: நம் கடற்கரைக்கும் அந்தக் கடற்கரைக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் நடந்தது?

எந்த மாதம் செல்லலாம்?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை மழையும் குளிரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் திராட்சை விளையும் டூரோ பள்ளத்தாக்கில் வெயில் 40 பாகையைத் தொடும். அங்குள்ளவர்களே தங்கள் தட்பவெப்பத்தை "ஒன்பது மாதம் குளிர், மூன்று மாதம் நரகம்" என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. ஜூன் 12 இரவு லிஸ்பன் நகரமே புனித அந்தோணியார் விழாக் கொண்டாடும். தெருவெங்கும் மத்தி மீனைச் சுடும் மணம் கமழும். ஜூன் 23 இரவு போர்ட்டோ நகரில் புனித அருளப்பர் விழா. பாத்திமா திருத்தலத்தில் மே முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு மாதமும் 12, 13 தேதிகளில் பெருந்திரளாகத் திருயாத்திரிகர் கூடுவர். மே மாதத்திலும் அக்டோபரிலும் கூட்டம் மிக அதிகம்.

திராட்சை அறுவடையோ செப்டம்பர் மாதத்தில்தான் மும்முரமாக நடக்கும். நம் முதல் கேள்வி உழைப்பைப் பற்றியது. தோட்டத்தில் ஆள் இல்லாத மாதத்தில் போனால் அதற்கு விடை கிடைக்காது. எனவே செப்டம்பரைத் தேர்ந்தெடுப்போம். 12, 13 தேதிகளில் பாத்திமா, அதன்பின் அறுவடை என்று அமைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டும் கைகூடும். கேள்வி முதலில், தேதி பிறகு என்று சொன்னதன் பொருள் இப்போது விளங்குகிறதல்லவா?

என்னென்ன பத்திரங்கள் தேவை?

போர்ச்சுகல், எல்லைச் சோதனையின்றி ஒன்றுக்கொன்று போய்வரக்கூடிய 29 ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் கூட்டமைப்பில் அடங்கியது. இந்தியக் குடிமக்களுக்கு ஷெங்கன் விசா அவசியம். இதில் தவறுவோர் பலராகையால் விவரமாகவே சொல்கிறேன்.

1. பாஸ்போர்ட் பத்து ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஐரோப்பாவை விட்டுப் புறப்படும் நாளுக்குப் பின்னும் குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும்.

2. விண்ணப்பத்தை ஆறு மாதத்திற்கு முன்னே கொடுக்க இயலாது. பயணத்திற்கு 15 நாட்களுக்குக் குறைவாகவும் விடக்கூடாது. செப்டம்பர்ப் பயணத்திற்கு ஜூன் மாதமே கொடுத்துவிடுவது நல்லது.

3. பல நாடுகளுக்குப் போவதானால், எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் விசா கேட்க வேண்டும்.

4. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

5. போக, வரப் பயணச் சீட்டின் முன்பதிவு, தங்குமிட முன்பதிவு, வங்கிக் கணக்கு விவரம், வேலை பார்ப்பவராயின் விடுப்புக் கடிதம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். 18 வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. 6 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு 45 யூரோ. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பாது. எனவே விசா கைக்கு வரும்வரை, ரத்துச் செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் முன்பதிவுகளையே செய்வது அறிவுடைமை.

பணத்தை எப்படிப் பங்கிடுவது?

ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பத்திகள் போடுங்கள்: விமானம், விசாவும் காப்பீடும், தங்குமிடம், உணவும் உள்ளூர்ப் போக்குவரத்தும், எதிர்பாராச் செலவு. ஐந்தாவது பத்தியைக் காலியாக விடவே கூடாது. நோய்வாய்ப்படலாம்; ரயில் வேலைநிறுத்தம் வரலாம்; பெட்டி வந்து சேராமல் போகலாம். அந்தப் பத்தியில் பணம் இருப்பவருக்கு இவை வெறும் தொல்லை, இல்லாதவருக்குப் பேரிடர்.

சிக்கனத்திற்குச் சில வழிகள் உண்டு. லிஸ்பனில் இறங்கிப் போர்ட்டோவில் விமானம் ஏறுவதாகச் சீட்டு வாங்கினால், வந்த வழியே மீண்டும் 300 கிலோமீட்டர் திரும்ப வேண்டியதில்லை. நெடுந்தூர ரயில்களுக்கு முன்கூட்டியே பதிவு செய்தால் கட்டணம் நன்றாகக் குறையும். உணவு விடுதியில் அமர்ந்தவுடன் நாம் கேளாமலே ரொட்டி, வெண்ணெய், ஒலிவக்காய் ஆகியவற்றை மேசை மீது வைப்பார்கள். அது விருந்தோம்பல் என்று எண்ணி உண்டுவிட்டால் கணக்கில் சேர்ந்துவிடும். வேண்டாமெனில் பணிவாகத் திருப்பி அனுப்பலாம். யாரும் தவறாக எண்ணமாட்டார்கள்.

லிஸ்பன்: செப்டம்பர் 9 முதல் 11 வரை

சென்னையிலிருந்து போகிறவர்கள் வளைகுடா நாடு ஒன்றிலோ ஐரோப்பிய நகரம் ஒன்றிலோ விமானம் மாற வேண்டியிருக்கும். செப்டம்பரில் நம் கடிகாரத்தைவிட அங்கே நாலரை மணி நேரம் பின்னே. முதல் நாளை இளைப்பாற விட்டுவிடுவோம்.

லிஸ்பன், தேஜு ஆற்றின் முகத்துவாரத்தில் குன்றுகள் மீது அமைந்த தலைநகரம். 1755 நவம்பர் 1, சகல புனிதர்கள் திருநாள். காலையில் மக்கள் ஆலயங்களில் கூடியிருந்த வேளையில் பெரும் நிலநடுக்கம் வந்தது. பீடத்து மெழுகுவர்த்திகள் சரிந்து தீப்பற்றின. ஆற்றங்கரைக்கு ஓடித் தப்ப முயன்றவர்களைக் கடல் அலை கொண்டுபோயிற்று. அன்று கூரை இழந்த கார்மெல் மடத்து ஆலயத்தை அப்படியே விட்டுவைத்திருக்கின்றனர். வளைவுகளுக்கு மேலே வானம் தெரியும். பின்னர் பொம்பால் பிரபு என்றழைக்கப்பட்ட அமைச்சர் நகரை நேர்கோட்டுத் தெருக்களாக மீண்டும் கட்டினார். சுவர்களுக்குள்ளே மரச்சட்டக் கூண்டுகளை வைத்துக் கட்டும் முறை அப்போது புகுத்தப்பட்டது. நிலம் அசைந்தாலும் சட்டம் வளைந்து கொடுக்கும். 2004 சுனாமியைக் கண்ட நம் கரையோர மக்களுக்கு லிஸ்பனின் கதை எளிதில் புரியும்.

பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடம் இருக்கிறது. 1498-இல் கள்ளிக்கோட்டையை அடைந்த வாஸ்கோ டா காமாவின் கல்லறை அங்குள்ளது. அவர் 1524-இல் இறந்தது கொச்சியில். முதலில் அடக்கம் செய்யப்பட்டதும் கொச்சியில்தான். அந்த மடத்தைக் கட்ட ஆப்பிரிக்க, இந்திய வணிகத்தின் மீது விதித்த வரிப்பணம் உதவியது. அந்த அழகிய தூண்களில் மலபார் மிளகின் காசும் கலந்திருக்கிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். நாட்டின் தெற்கே லாகோஸ் துறைமுகத்தில் 1444-இல் ஆப்பிரிக்க மக்களைக் கூட்டமாகக் கொண்டுவந்து அடிமைகளாக விற்றதும் இதே கடலோடிகளின் வரலாறுதான். அழகைக் கண்டு வியப்போம். அதற்கு விலை கொடுத்தவர்களையும் மறவாதிருப்போம்.

லிஸ்பனில் நமக்கு நெருக்கமானவர்கள் மூவர். பதுவைப் பதியர் என்று நாம் அழைக்கும் புனித அந்தோணியார் 1195-இல் பிறந்தது லிஸ்பனில். பேராலயத்தின் அருகே அவர் பிறந்த இடத்தில் ஓர் ஆலயம் உள்ளது. ஓரியூரில் 1693-இல் உயிர்நீத்த புனித அருளானந்தர் 1647-இல் பிறந்ததும் இதே நகரில்தான். மூன்றாவதாக ஒரு புத்தகம்: 1554-இல் இங்கே அச்சான தமிழ் ஞான உபதேச நூல். தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் அமைத்துச் சிவப்பு, கறுப்பு மைகளில் அச்சிட்டனர். முதன்முதலாக அச்சேறிய தமிழ் அதுவே. அதைத் தயாரித்தவர்கள் லிஸ்பனில் இருந்த தமிழர் மூவர். அதன்பின் போர்ச்சுகலில் பிறந்த அண்டிரிக் அடிகளார் நம் முத்துக்குளித்துறையில் வாழ்ந்து, 1578-இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலை அச்சிட்டார்.

அருங்காட்சியகங்கள் பலவும் திங்கட்கிழமை மூடியிருக்கும். திட்டம் போடும்போது நாட்காட்டியில் திங்கள் எங்கே விழுகிறதென்று பார்த்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த டிராம் வண்டியில் கைப்பையை முன்பக்கமாக அணைத்துப் பிடியுங்கள்.

பாத்திமா: செப்டம்பர் 12, 13

பாத்திமாவுக்கு ரயிலில் போகக் கூடாது. அப்பெயருள்ள ரயில் நிலையம் திருத்தலத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது! லிஸ்பனிலிருந்து பேருந்தே சிறந்தது.

1917 மே 13 முதல் அக்டோபர் 13 வரை லூசியா, பிரான்சிஸ்கோ, ஜசிந்தா என்னும் ஆடு மேய்க்கும் மூன்று சிறுவர்க்கு அன்னை மரியாள் காட்சி அளித்த இடம் இது. பிரான்சிஸ்கோவும் ஜசிந்தாவும் சிறு வயதிலேயே நோயால் இறந்தனர். 2017 மே 13 அன்று புனிதர் பட்டம் பெற்றனர். லூசியா கன்னியராகி 2005 வரை வாழ்ந்தார். 12-ஆம் தேதி இரவு நடக்கும் மெழுகுவர்த்திப் பவனியில் பல மொழிகளில் செபமாலை ஒலிக்கும். அந்த இரண்டு நாட்களுக்குத் தங்குமிடம் சீக்கிரம் நிரம்பிவிடும். விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இடம் பிடித்துவையுங்கள்.

கோயிம்பரா: செப்டம்பர் 14

பாத்திமாவிலிருந்து 13 மாலையே பேருந்தில் கோயிம்பரா சேரலாம். 1290-இல் நிறுவப்பட்டு, 1537 முதல் நிலையாக இங்கே இயங்கும் பல்கலைக்கழகம் ஊருக்கு உச்சியில் நிற்கிறது. அதன் பழைய நூலகத்தில் வௌவால்கள் வாழ்கின்றன. புத்தகங்களை அரிக்கும் பூச்சிகளை இரவில் தின்று அவை நூல்களைக் காக்கின்றன! அவற்றின் எச்சம் படாதிருக்க ஊழியர்கள் மாலையில் மேசைகளைத் தோலால் மூடிவைப்பார்கள். மாலை ரயிலில் போர்ட்டோ செல்வோம்.

போர்ட்டோவும் டூரோ ஆறும்: செப்டம்பர் 15 முதல் 18 வரை

போர்ட்டோவின் சாவோ பென்டோ ரயில் நிலையத்தில் சீட்டு வாங்கும் மண்டபமே ஒரு சித்திரக்கூடம். சுமார் 20,000 நீல நிற ஓடுகளில் நாட்டு வரலாறு தீட்டப்பட்டுள்ளது. ஒரு நாள் நகரைப் பார்த்துவிட்டு 16 காலை ரயில் ஏறி, இரண்டரை மணி நேரம் சென்று பின்யாவோ என்ற சிற்றூரில் இறங்குவோம். நம் முதல் கேள்விக்கு விடை அங்கேதான் கிடைக்கும்.

ஆற்றின் இருபுறமும் செங்குத்தான மலைகள். மண் என்று சொல்ல அங்கே அதிகமில்லை. தகடு தகடாகப் பிளக்கும் பாறைதான். அந்தப் பாறையை உடைத்து, உடைத்த கல்லாலேயே சுவர் எழுப்பி, படிப்படியாக நிலத்தைச் செதுக்கியிருக்கின்றனர். சாந்து இல்லாத கற்சுவர்கள் மலை முழுதும் ஓடுகின்றன. திராட்சை வேர் பாறை இடுக்கு வழியே ஆழமாக இறங்கி நீர் தேடும். சரிவு அதிகமான இடங்களில் இயந்திரம் ஏறாது. கத்தரிக்கோலும் கூடையுமே கருவி. ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் 2001-இல் இப்பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மன்னர் கட்டிய கோட்டையன்று அது; பெயர் தெரியாத உழவர்கள் கட்டிய மலை.

இங்கு விளையும் 'போர்ட்' ஒயின் எப்படி உண்டாகிறது என்று அறிந்துகொள்வோம். பறித்த திராட்சையைக் கருங்கல் தொட்டிகளில் கொட்டி, தொழிலாளர் தோளோடு தோள் சேர்த்து வரிசையாக நின்று காலால் மிதிப்பர். இப்போது பெரும்பாலும் இயந்திரம் அவ்வேலையைச் செய்தாலும், சில தோட்டங்களில் பழைய வழக்கம் தொடர்கிறது. காலால் மிதித்தால் தோல் நசுங்கிச் சாயம் இறங்கும். விதை உடையாததால் கசப்பு ஏறாது. சாறு புளிக்கத் தொடங்கியதும் அதிலுள்ள சர்க்கரை சாராயமாக மாறுகிறது. ஏறக்குறையப் பாதிச் சர்க்கரை மீதி இருக்கையிலேயே திராட்சையிலிருந்து வடித்த கடுமையான சாராயத்தை அதில் கலப்பார்கள். அந்தக் கடுமையில் நொதிகள் மடிந்துபோகும். புளிப்பு நின்றுவிடுவதால் இனிப்புத் தங்கிவிடும். கெடாமல் நெடுங்காலம் இருக்கும், கடற்பயணத்தையும் தாங்கும். பிரான்சோடு பகைத்துக்கொண்ட ஆங்கிலேயர் போர்ச்சுகல் ஒயினைத் தேடி வந்தனர். 1703-இல் செய்த மெத்துவன் உடன்படிக்கை, ஆங்கிலக் கம்பளித் துணிக்கும் போர்ச்சுகல் ஒயினுக்கும் வழி திறந்தது.

பெயர் பரவியவுடன் கலப்படமும் வந்தது. அதைத் தடுக்க 1756-இல் பொம்பால், "இந்த எல்லைக்குள் விளைந்ததே உண்மையான போர்ட்" என்று சட்டமிட்டுக் கருங்கல் எல்லைக்கற்களை நடச் செய்தார். நம் காஞ்சிபுரம் பட்டுக்கும் மதுரை மல்லிகைக்கும் இன்று வழங்கப்படும் புவிசார் குறியீட்டின் முன்னோடி என்று இதைச் சொல்லலாம்.

தோட்டத்து அம்மா

டூரோவின் வரலாற்றில் ஒரு பெண்மணியை மறக்க இயலாது. 1811-இல் பிறந்த டோனா அந்தோனியா அதலைடா பெரெய்ரா 1844-இல் கணவரை இழந்தார். வயது முப்பத்து மூன்று. தோட்டப் பொறுப்பைத் தாமே ஏற்றார். அந்நாளில் பெரும் செல்வாக்குடன் விளங்கிய பிரபு ஒருவர், சிறுமியாக இருந்த அவர் மகளைத் தம் மகனுக்கு மணமுடிக்க விரும்பினார். தாய் இணங்கவில்லை. மகளை அழைத்துக்கொண்டு ஸ்பெயின் வழியே லண்டனுக்குச் சென்றுவிட்டார்! பிறகு திரும்பி வந்து தோட்டங்களைப் பெருக்கினார்.

1861-இல் அவர் சென்ற படகு டூரோவின் வலேரா நீர்வீழ்ச்சியருகே கவிழ்ந்தது. உடன் சென்ற ஆங்கில வணிகர் ஃபாரஸ்டர், இடுப்பில் கட்டியிருந்த தங்கக் காசுகளின் கனத்தால் மூழ்கினார் என்றும், அந்தோனியா அம்மையாரின் அகன்ற பாவாடை அவரை மிதக்கச் செய்தது என்றும் மக்கள் இன்றும் கதை சொல்கின்றனர்.

அதைவிடப் பெரிய சோதனை ஒரு பூச்சியால் வந்தது. அமெரிக்காவிலிருந்து கொடிகளோடு வந்த பிலாக்சரா என்னும் மிகச் சிறிய பேன் 1860-களில் டூரோவில் பரவித் திராட்சை வேர்களைத் தின்றது. தோட்டங்கள் கருகின, குடும்பங்கள் நாடுவிட்டுப் போயின. முடிவில் மருந்து கிடைத்ததும் அமெரிக்காவிலிருந்தே. அந்நாட்டுக் கொடியின் வேர் பூச்சியைத் தாங்கும். அந்த வேரின் மீது ஐரோப்பியக் கொடியை ஒட்டுப்போட்டனர். இன்று ஐரோப்பாவின் பெரும்பாலான திராட்சைக் கொடிகள் அந்நிய வேரில்தான் நிற்கின்றன. அந்த இடர்க்காலத்தில் அந்தோனியா அம்மையார் புதுத் தோட்டங்களை உருவாக்கி, வேலையிழந்தவர்களுக்கு வேலை கொடுத்தார். 1896-இல் அவர் மறைந்தார். 'பெரெய்ரின்யா' என்று செல்லமாக அவரை இன்னும் அழைக்கின்றனர். மீண்டும் பயிரிடப்படாத பழைய மேடைகள் மலையில் இன்றும் புதர் மண்டிக் கிடக்கின்றன. ரயில் சன்னல் வழியே அவற்றைக் கண்டால் அவை எதன் சின்னம் என்று இனி உங்களுக்குத் தெரியும்.

நம் காசு யாரிடம் சேர்கிறது?

முன்னாளில் பீப்பாய்களைத் தட்டையான பாய்மரப் படகுகளில் ஏற்றி, சுழல்களைத் தாண்டி, போர்ட்டோவின் எதிர்க்கரையிலுள்ள கையா கிடங்குகளுக்குக் கொண்டுவந்தனர். ரயிலும் லாரியும் வந்தன. அணைகள் ஆற்றை அடக்கின. படகுகள் இப்போது கரையில் அழகுக்கு நிற்கின்றன. 18-ஆம் தேதி கையா கிடங்குகளைப் பார்க்கும்போது பெரிய வணிக நிறுவனங்களின் பெயர்ப் பலகைகள் ஒளிவிடும்.

ஆனால் டூரோவில் திராட்சை விளைவிப்போரில் பெரும்பாலோர் துண்டு நிலம் உடைய சிறு விவசாயிகள். உலகில் ஒயின் விற்பனை குறைந்ததால் 2024 அறுவடையில் அவர்களுள் பலர் பழத்தை வாங்க ஆளின்றித் தவித்தனர். இளைஞர்கள் நகரங்களுக்குப் போய்விடுவதால் பறிக்க ஆளும் அரிது. கற்சுவர் ஒன்று சரிந்தால் கட்டத் தெரிந்தவரும் குறைந்து வருகின்றனர். சுவர் போனால் மண் போகும். மண் போனால் மலை மீண்டும் பாறையாகும்.

எனவேதான் பின்யாவோவில் இரண்டு இரவுகள் வைத்தேன். காலையில் வந்து மாலையில் படகேறிப் போகும் பயணி அங்கே புகைப்படம் மட்டும் எடுக்கிறார். ஒரு விவசாயக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைத்த உணவை உண்டு, ஒலிவ எண்ணெயோ பாதாமோ அவர்களிடமே வாங்கினால், நம் பணம் அந்தச் சுவர்களைத் தாங்கும். பயணத் திட்டத்தில் தங்குமிடம் என்னும் ஒரு வரிக்குள் இவ்வளவு பொறுப்பு அடங்கியிருக்கிறது.

ஒயின் குடித்துத்தான் ஆக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அங்கே மது கொடுப்பது சட்டப்படி குற்றம். பெரியவர்களும் "வேண்டாம், நன்றி" என்றால் யாரும் வற்புறுத்தார். அறுவடைக் காலத்தில் கொடியிலிருந்து பறித்த திராட்சையைவிடச் சுவையான பொருள் வேறென்ன?

சில மரியாதைகள்

நன்றி சொல்ல ஆண்கள் 'ஒப்ரிகாடு' என்பர். பெண்கள் 'ஒப்ரிகாடா' என்று சொல்ல வேண்டும். கடைக்குள் நுழையும்போது 'போம் டியா' என்று காலை வணக்கம் கூறுங்கள். காய்கறி உணவு உண்போர் சூப் வாங்கும் முன் இறைச்சித் துண்டு உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உப்பிட்டு உலர்த்திய பக்கல்யாவ் மீனும், முட்டைக் கருவில் செய்த சிறு பணியாரமும் அவர்கள் பெருமை. மடங்களில் உடைகளுக்குக் கஞ்சி போட வெள்ளைக் கருவைப் பயன்படுத்திவிட்டு, மிஞ்சிய மஞ்சள் கருவில் இனிப்புச் செய்யத் தொடங்கினராம். கழிவென்று எதுவுமில்லை! தோட்டங்களில் கேளாமல் பழம் பறிக்காதீர். வேலை செய்வோரைப் படமெடுக்கும் முன் அனுமதி பெறுங்கள்.

முடிவாக

19-ஆம் தேதி போர்ட்டோவில் விமானம் ஏறுகிறோம். பதினொரு நாட்கள், நான்கு ஊர்கள், ஒரு பள்ளத்தாக்கு. இன்னும் எத்தனையோ இடங்கள் விடுபட்டன. தெற்கே கடற்கரைகளும், தக்கை மரக் காடுகளும், மதெய்ரா தீவும் நம் பட்டியலில் இல்லை. எல்லாவற்றையும் பார்க்க முயல்வோர் எதையும் பார்ப்பதில்லை. நம் இரண்டு கேள்விகளுக்கு உதவாதவற்றை மனமுவந்து விட்டுவிட்டோம்.

மாணவியரே, இத்திட்டத்தை அப்படியே பின்பற்ற வேண்டுமென்பதில்லை. நாடு எதுவாயினும் முறை ஒன்றே. கேள்வியை எழுதுங்கள்; மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்; பத்திரங்களைச் சரிபாருங்கள்; பணத்தை ஐந்தாகப் பங்கிடுங்கள்; நாட்களைக் குறையுங்கள், ஊர்களை அதைவிடக் குறையுங்கள். இதை இன்றே பழகலாம். அடுத்த விடுமுறையில் தூத்துக்குடிக்கோ ஓரியூருக்கோ புன்னைக்காயலுக்கோ போகும் ஒரு நாள் பயணத்திற்கு இப்படித் திட்டம் எழுதிப் பாருங்கள். அங்கேயும் கடலைத் தாண்டி வந்தவர்களின் கதையும், பெயர் தெரியாமல் உழைத்தவர்களின் கதையும் காத்திருக்கின்றன.